வாத்தியம் வாசித்தவர்கள் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழோடு வெள்ளிக்கிழமைதோறும் வரும் சினிமா இணைப்பை விடாமல் படிக்கிறவன் நான். ட்ரெய்லர் வந்தால் கால் பக்கம், பாட்டு வெளியானால் அரைப் பக்கம், கதாநாயகன் விமான நிலையத்தில் நடந்துபோனால்கூட ஒரு வண்ணப்படம். குறையாகச் சொல்லவில்லை. அதைப் படிக்க ஆள் இருக்கிறது, என் வீட்டிலேயே இரண்டு பேர். நான் கேட்பது வேறு. சினிமாவுக்கு வெளியே வருகிற இசை ஆல்பங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் நாலு வரி வர வேண்டுமானால், அந்த ஆல்பம் ஏதாவது விருது வாங்கியிருக்க வேண்டும். அப்போதும் விருதைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, யார் யார் வாசித்தார்கள், காசும் நேரமும் செலவழித்துக் கேட்கலாமா என்பதெல்லாம் வருவதில்லை.

இதைச் சொல்ல இவன் யார் என்று கேட்பீர்கள். கும்பகோணத்தில் உச்சிப்பிள்ளையார் கோயில் பக்கம் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரெக்கார்டிங் சென்டர் நடத்தியவன். ஒரு டர்ன்டேபிள், ஒரு டபுள் டெக், அலமாரி நிறைய எல்.பி. ரெக்கார்டு. ஆட்கள் பாட்டுப் பட்டியலைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்து வருவார்கள். அறுபதா, தொண்ணூறா என்று கேட்பேன். தொண்ணூறு நிமிட கேசட் வேண்டாம், ரிப்பன் மெலிசு, சிக்கிக்கொள்ளும் என்று நானே சொல்லியும் விடுவேன். பதிவு செய்து முடித்து, அட்டையில் பாட்டு, ராகம், பாடியவர் எல்லாம் என் கையால் எழுதிக் கொடுப்பேன். கச்சேரி கேசட்டில் பக்கவாத்தியம் யார் என்று எழுதாமல் கொடுத்துவிட முடியாது. "மிருதங்கம் யாருப்பா? மணி ஐயரா, முருகபூபதியா? எழுதிக் குடு" என்று கவுண்டரில் நின்றபடியே திருப்பி நீட்டுவார்கள். அப்படி நீட்டியவர்களில் பாதிப் பேருக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. ஆனால் மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் விழும் ஒரு கும்கியை, அந்தக் கனத்த ஓசையை வைத்தே வாசிப்பது இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் கற்றதுதான் என் சங்கீத ஞானம் முழுவதும்.

இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ், ரீசார்ஜ். திருச்சியில் படிக்கிற பேத்தி என் போனில் பாட்டு ஆப் ஒன்றைப் போட்டுக்கொடுத்து, கைக்கடக்கமாக ஒரு ஸ்பீக்கரும் வாங்கித் தந்திருக்கிறாள். மத்தியானம் மூன்று மணிக்குக் கடைக்கு யாரும் வருவதில்லை. ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாற்றாமல் கேட்பேன். அப்படி அண்மையில் கேட்டவற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணவ்யாவின் 'நிலம்'. 2025-ல் வந்தது. அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பெண். பெர்லினில் நில்ஸ் ஃப்ராம் என்ற ஜெர்மானிய இசைக்காரரோடு சேர்ந்து செய்திருக்கிறார். மிருதங்கம் கிடையாது, வயலின் கிடையாது. குரல், டபுள் பேஸ் என்கிற ஆள் உயர வயலின், ஹார்ப் என்கிற மேல்நாட்டு யாழ், இடையில் நிறைய மௌனம். முதல் தடவை கேட்கும்போது ஸ்பீக்கரில் சார்ஜ் இறங்கிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன், அவ்வளவு சன்னம். பழகப் பழக அந்தச் சன்னத்துக்குக் காது தயாராகிவிடுகிறது. ஞானேஸ்வரரின் மராத்திப் பிரார்த்தனையான 'பசாயதான்' இதில் இருக்கிறது. மராத்தி தெரியாத எனக்கும் அது பிரார்த்தனை என்பது புரிந்தது.

என் சண்டை 'சினத்தவர் முடிக்கும்' பாட்டோடுதான். அருணகிரிநாதரின் திருத்தணித் திருப்புகழ் அது. சினம் கொண்டவர் தலைக்கும், பகைத்தவர் குடிக்கும், சிரிப்பவர் தமக்கும், பழிப்பவர் தமக்கும் 'திருப்புகழ் நெருப்பென்று அறிவோம்யாம்' என்று நேருக்கு நேர் எச்சரிக்கை விடுகிற பாட்டு. வல்லின மெய்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டு ஓடும். எங்கள் ஊர்ப் பக்கம் சுவாமிமலையில் திருப்புகழ் சபைக்காரர்கள் பாடினால் கைத்தாளமே அதட்டுவது போல விழும். கணவ்யா அந்த நெருப்பை அணைத்துவிட்டுத் தணலை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். ஆல்பம் முழுவதும் இருக்கிற நிதானம் இதிலும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அருணகிரிக்கு சந்தம் என்பது மேலே போர்த்திய சால்வை இல்லை, அதுவே உடம்பு. அதைத் தளர்த்தினால் வார்த்தைகள் நடு வழியில் நின்றுபோகின்றன. என் பேத்தி இதை ஒப்பவில்லை. "தாத்தா, திட்டறவங்க எல்லாரும் கத்திதான் திட்டணுமா?" என்கிறாள். அதுவும் ஒரு கட்சிதான். இந்த மாதிரி வாக்குவாதத்துக்கு இடம் தர ஒரு தமிழ்ப் பத்திரிகையில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இவருடைய முந்தைய ஆல்பம் 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்', 2024-ல் வந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டி, ஆலிஸ் கோல்ட்ரேன் நினைவாகச் சடங்கு போலவே நடத்திய நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது. மிருதங்கம் வாசிக்கும் ராஜ்னா சுவாமிநாதன் இருக்கிறார், பியானோ விஜய் ஐயர் இருக்கிறார். எனக்கு இது 'நில'த்தைவிட மேல். பாட்டு எங்கே முடிகிறது, பேச்சு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியவில்லை. கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

யார் இந்த ஆலிஸ் கோல்ட்ரேன் என்று தேடிக்கொண்டு போனதில்தான் எனக்கு இந்த வருஷத்தின் பெரிய லாபம். 1971-ல் அவர் வெளியிட்ட ஆல்பம் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. அமெரிக்கக் கறுப்பினப் பெண், ஹார்ப் வாசிப்பவர், ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் மனைவி. கணவர் 1967-ல் போய்விட்டார். அந்தத் துக்க காலத்தில் அவர் போய்ச் சேர்ந்த குரு சுவாமி சச்சிதானந்தர். நம் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்தவர், 1969-ல் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். இவருடைய குரு ரிஷிகேஷ் சிவானந்தரோ பத்தமடைக்காரர். நியூயார்க் பக்கத்தில் டிக்ஸ் ஹில்ஸ் என்ற ஊரில் ஆலிஸின் வீட்டு ஸ்டூடியோவில் பெரும்பகுதி பதிவான ஒரு ஜாஸ் ரெக்கார்டுக்குப் பின்னால் கொங்கு நாடும் திருநெல்வேலிச் சீமையும் இருக்கின்றன என்று இத்தனை வருஷம் ரெக்கார்டு கடை வைத்திருந்த எனக்கே யாரும் சொல்லவில்லை.

ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேளுங்கள். தம்புராவின் ரீங்காரம். செசில் மெக்பீயின் பேஸ் ஒரு சின்னச் சங்கதியை, ஒரு சிறு ஸ்வரக் கோவையைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப நடத்துகிறது. அதன்மேல் ஹார்ப் வாரி இறைக்கிறது. அப்புறம் ஃபேரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸபோன். சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு சாக்ஸபோனில் இப்படியும் ஒரு ஏக்கம் உண்டு என்பது புதிதாக இருந்தது. ராகம் என்று எதுவும் சொல்ல முடியாது. சொல்லத் தேவையும் இல்லை. சுருதி ஒன்றில் உட்கார்ந்துவிட்டால் அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிற தைரியம் மட்டும் நம்முடையது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். அந்த ஆல்பத்தின் உறையில் வாசித்தவர் பட்டியல் இருக்கிறது. பேஸ் யார், டிரம்ஸ் ரஷீத் அலி, மணி குலுக்கியது யார் என்பது வரை. அந்தப் பட்டியலில் 'தம்புரா: துளசி' என்று ஒரு வரி. ஒற்றைப் பெயர்தான், ஆனாலும் பெயர். நம்மூர்க் கச்சேரி ஆல்பங்களில் தம்புரா போட்டவர் பெயரை எத்தனை உறையில் பார்த்திருப்பீர்கள்? நான் கையாண்டவற்றில் விரல் விட்டு எண்ணிவிடலாம். சுருதிப் பெட்டி வந்த பிறகு அந்தப் பேச்சும் இல்லை. தம்புரா பிறந்த நாட்டில் மீட்டுகிறவருக்குக் கிடைக்காத ஒரு வரி, அதை அப்போதுதான் அறிமுகம் செய்துகொண்ட ஊரில் கிடைத்திருக்கிறது.

நம்மவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டவும் முடியாது. கர்நாடக இசைப் பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் 'வித்வான்' ரெக்கார்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. அறுபதுகளில் அமெரிக்காவின் நான்சச் கம்பெனி வெளியிட்டது. வயலின் வி. தியாகராஜன், மிருதங்கம் டி. ரங்கநாதன், கஞ்சிரா வி. நாகராஜன். மிருதங்கம் வாசித்த ரங்கநாதன், பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதியின் தம்பி. இந்த விவரம் தெரிந்து கேட்டால் அந்த மிருதங்கத்தின் அடக்கமே வேறு மாதிரி கேட்கும். பாட்டுக்கு இடம் விட்டு, வார்த்தைக்கு வழி விட்டு வாசிப்பது அந்தக் குடும்பத்தின் பழக்கம். போன வாரம் மறுபடியும் போட்டுக் கேட்டேன். ராம்நாட் கிருஷ்ணன் குரல் பெரிய குரல் இல்லை. ஆனால் ஒரு சங்கதியைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகும்முன் அவர் விடுகிற சின்ன இடைவெளி இருக்கிறதே, அதற்காகவே கேட்கலாம்.

அவருடைய சகோதரர் ராம்நாட் ராகவன். 1975 ஜூலையில் அமெரிக்காவில் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் 'சக்தி' குழு வாசித்ததை அப்படியே பதிவு செய்து மறு வருஷம் வெளியிட்டார்களே, அந்த முதல் ஆல்பத்தில் மிருதங்கம் இவர்தான். ஜான் மெக்லாலின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம் என்று எல்லோருக்கும் நான்கு பெயர் ஞாபகம் இருக்கும். ஐந்தாவது பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்த மனுஷர். அடுத்த ஆல்பத்தில் அவர் இல்லை, மிருதங்கமும் இல்லை. முதல் ஆல்பத்தில் கடத்துக்கும் தபலாவுக்கும் அடியில் ஒரு கனம் கேட்குமே, அது யாருடைய கை என்று தெரியாமலே பலர் ஐம்பது வருஷமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே சக்தி 2023-ல் வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது வந்தது. உங்கள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் சங்கர் மகாதேவன் படம் வந்தது, நல்லது. வயலின் கணேஷ் ராஜகோபாலனும் கஞ்சிரா செல்வகணேஷும் நம்மவர்கள். செல்வகணேஷ், விக்கு விநாயக்ராமின் மகன். 1975-ல் அப்பா, 2023-ல் பிள்ளை. இதைவிட ஒரு தலைப்பு வேண்டுமா? பத்திரிகைக்காரர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆல்பம் எப்படி? முதல் பாட்டு 'ஸ்ரீநீஸ் ட்ரீம்', மாண்டலின் ஸ்ரீநிவாசுக்கு அஞ்சலி. 2014-ல் நாற்பத்தைந்து வயதில் போய்விட்ட அவரில்லாமல் இந்தக் குழு எப்படி என்ற கேள்விக்கு அவர் பெயரிலேயே தொடங்கிவிட்டது நல்ல காரியம். ஜாகிர் பாய் இதில் எங்கே நிறுத்துகிறார் என்பதைக் கவனியுங்கள். அடிப்பதைவிட நிறுத்துவதில்தான் அவர் வயசு தெரிகிறது. 2024 டிசம்பரில் அவரும் போய்விட்டார், ஆகவே அவரோடு சேர்ந்து சக்தி செய்த ஸ்டூடியோ ஆல்பம் இதற்குப் பிறகு இல்லை. அந்தப் பாசத்தில் குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொரோனா காலத்தில் ஆளுக்கொரு ஊரில் இருந்து தனித்தனியே பதிவு செய்து சேர்த்தது இது. சுத்தமாக இருக்கிறது. ரொம்பவே சுத்தமாக இருக்கிறது. தியாகராஜரின் பங்காள ராகக் கிருதி 'கிரிராஜ சுதா' இதில் இருக்கிறது. இதையே 2001-ல் வந்த 'சேட்டர்டே நைட் இன் பாம்பே' ஆல்பத்தில், மேடைப் பதிவில் கேட்டுப் பாருங்கள், ஸ்ரீநிவாஸ் இருந்தபோது. ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் வாங்கிச் சிரிப்பது அதில் கேட்கிறது. புதியதில் எல்லோரும் சரியாக வாசிக்கிறார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் மதிப்பெண் போடுவதானால் பாம்பேக்குத்தான்.

2025-ல் கிராமி வாங்கிய 'திரிவேணி'யையும் கேட்டேன். சந்திரிகா டாண்டன் பாடியது. புல்லாங்குழல் தென்னாப்பிரிக்காவின் வௌட்டர் கெல்லர்மேன், செல்லோ ஜப்பானின் எரு மாட்சுமோடோ. செல்லோ அருமை. அடியில் ஒரு நதி மாதிரி போகிறது. மந்திரங்களை ஓதுகிற விதத்தில் எனக்கு ஒட்டவில்லை, எல்லா மூலையும் மழுக்கி மெத்தை போட்டிருக்கிறது. தியானத்துக்கென்றே செய்தது, அப்படித்தான் இருக்கும் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அன்றைய நம் செய்திகளில் 'இந்திரா நூயியின் சகோதரிக்கு கிராமி' என்றுதான் பார்த்தேன். செல்லோ வாசித்த பெண் பெயரை நான் ஆல்பத்தைப் போட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பேத்தி வற்புறுத்திக் கேட்கவைத்தது அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி'. எனக்கு ராப் பாட்டில் பாதி வார்த்தை பிடிபடாது. இதில் பிடிபட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டியின் பெயரை ஆல்பத்துக்கு வைத்திருக்கிறார் அரக்கோணத்துப் பையன். சில பாட்டுகளில் பின்னணி ஓசை வார்த்தையை அமுக்குகிறது, இவ்வளவு நல்ல தமிழை எதற்கு அமுக்க வேண்டும் என்று இருந்தது. பேருக்காக இந்தப் பிள்ளை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2021-ல் உலகமே ஆடிய 'என்ஜாய் எஞ்சாமி'க்குப் பாட்டெழுதிப் பாடியும் இருந்தார். அந்த ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகையின் அட்டைப் படத்தில் அந்தப் பாட்டைப் பற்றிப் பேச்சு, இவர் முகம் மட்டும் இல்லை. பா. ரஞ்சித் போன்றவர்கள் கேட்ட பிறகுதான் இன்னோர் அட்டையில் வந்தார். பாடி, எழுதி, முகமும் தெரிந்த ஒருவருக்கே இந்தக் கதி. முகம் தெரியாமல் ஸ்டூடியோ மூலையில் உட்கார்ந்து வாசிப்பவனை யார் கேட்கப்போகிறார்கள்?

சினிமாவில் இது பழைய கதை. இளையராஜா பாட்டுகளை வருஷக்கணக்காக ஆயிரக்கணக்கான கேசட்டில் பதிந்து கொடுத்திருக்கிறேன். அந்தப் புல்லாங்குழல் நெப்போலியன் என்கிற அருண்மொழி, பேஸ் கிடார் சசிதரன், கிடார் சதானந்தம், டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மேனுவல் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது கடையை மூடிய பிறகு, டிவி பேட்டிகளில். கேசட் உறையில் நடிகர் படம் இருந்தது, தயாரிப்பாளர் பெயர் இருந்தது. தொண்ணூறுகளில் ஏ.ஆர். ரகுமானின் உறைகளில் புல்லாங்குழல் நவீன் என்று தொடங்கி வாத்தியக்காரர்கள் பெயர் அச்சாகி வந்தபோது நாங்கள் கடையில் கூடி நின்று படித்தோம். பொடி எழுத்துதான், பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவரும் உண்டு.

ராஜா சாரே சினிமாவை விட்டு வெளியே வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. 1986-ன் 'ஹவ் டு நேம் இட்' தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கை. வயலின் வி.எஸ். நரசிம்மன் என்று பெயர் தெளிவாக உண்டு. எங்கள் கடையில் அதைக் கேட்டு வாங்கியவர்கள் 'நரசிம்மன் கேசட்' என்றே கேட்டார்கள். இப்போது மறுபடி கேட்டபோதும் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்னை உட்காரவைத்துவிட்டது. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற இசைக்கோவையின் முன்னுரைப் பகுதியை நரசிம்மன் வாசித்துக்கொண்டு போகிறார், ராஜா அதைக் கலைக்காமல் பக்கத்திலேயே தன் வரிகளை எழுதிக்கொண்டு போகிறார். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாமல் 'உம்' கொட்டத் தெரிந்தவர் எழுதிய இசை. 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' எனக்கு ஒரு படி கீழேதான். குழல் தேன், வாத்தியக் கூட்டம் சில இடங்களில் படத்தின் பின்னணி மாதிரி ஆகிவிடுகிறது. 'காம்போசர்ஸ் ப்ரெத்' மட்டும் விதிவிலக்கு. அதை ராத்திரியில் கேட்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னேன், எங்கள் ஜில்லா சமாசாரத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. தஞ்சாவூர் ஜில்லாவில் கல்யாணப் பத்திரிகை அடித்தால் கீழே 'மங்கள இசை' என்று போட்டு நாதஸ்வரக்காரர் பெயரை அச்சடிப்பது வழக்கம். கோயில் திருவிழா நோட்டீஸில் நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார், சிறப்புத் தவில் இன்னார் என்று ஊர்ப் பெயரோடு வரும். இந்த மண்ணில் பெயர் போடுவது மரியாதை மட்டுமில்லை, அடுத்த முகூர்த்தத்துக்கு அவர்களுக்குக் கிடைக்கிற அழைப்பு. என் ஆப்பில் 'மங்கள இசை' என்று தேடினேன். வரிசையாக வந்தது. பிள்ளையார் படம், குத்துவிளக்குப் படம், தாலிப் படம். வாசித்தது யார்? பலவற்றில் பதிவு செய்த கம்பெனி பெயர் மட்டும். ஒன்றில் ஒரு கல்யாணி ஆலாபனை. நாதஸ்வரக்காரர் காந்தார ஸ்வரத்தில் கொஞ்சம் அதிகமாகவே தங்கி, அப்புறம் மனசில்லாமல் இறங்குகிறார். இந்தப் பக்கத்து வாசிப்பு என்பது கேட்டவுடனே தெரிகிறது. தவில்காரர் சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுகிறது. கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த தவில் வித்வான் ஒருவரிடம் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, ஒரு பெயரைச் சொன்னார், கண் கலங்கினார். அவர் சொன்னது சரியா என்று நான் எங்கே போய்ப் பார்ப்பது? உறுதி செய்ய வழியில்லாததால் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. கல்யாண மண்டபங்களில் தினமும் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆப் வைத்திருக்கிற கம்பெனிக்காரர்களுக்குக் கடிதம் எழுதினால் யார் படிப்பார்கள்? பாட்டுக்குப் பக்கத்தில் உள்ள புள்ளிகளைத் தொட்டால் விவரம் வரும் என்றாள் பேத்தி. தொட்டேன். பாடியவர், எழுதியவர், தயாரித்தவர். புது ஆல்பங்களில் சிலவற்றில் எல்லா வாத்தியமும் வருகிறது, நம் பழைய கச்சேரிப் பதிவுகளில் பாடியவர் பெயரோடு சரி. எல்.பி.யின் பின்னட்டையில் இருந்த பக்கவாத்தியக்காரர்கள் கேசட்டில் பொடி எழுத்தானார்கள், சி.டி.யில் உள்பக்கத்துக்குப் போனார்கள், போனில் காணாமலே போய்விட்டார்கள். பின்னட்டையைப் பார்த்து நாலு வரி தட்டச்சு செய்ய வேண்டிய வேலைதான் இது. செய்ய ஆளில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். வாரா வாரம் வேண்டாம், மாதம் ஒரு முறை அந்த வெள்ளிக்கிழமை இணைப்பில் கால் பக்கம் ஒதுக்குங்கள். சினிமா அல்லாத ஆல்பங்கள் இரண்டு அல்லது மூன்று. புதிதும் இருக்கட்டும், மறுபடி கேட்க வேண்டிய பழையதும் இருக்கட்டும். கர்நாடக சங்கீதம், ராப், பறை, தேவாலய இசை, சூஃபி என்று பேதம் வேண்டாம். விமர்சனம் காரமாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்குப் பிடிக்காததை ஒருவர் புகழ்ந்து எழுதினால் சண்டை போட எனக்கும் ஒரு கடிதம் கிடைக்கும். விமர்சனத்துக்குக் கீழே கட்டம் கட்டி, அந்த ஆல்பத்தில் வாசித்த அத்தனை பேர் பெயரையும் வாத்தியத்தோடு போடுங்கள். தம்புரா உட்பட. எழுத்து பொடியாக இருந்தாலும் சரி, நாங்கள் படித்துக்கொள்வோம்.

பழைய ரெக்கார்டுகளின் பின்னட்டைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஜெராக்ஸ் மெஷினும் இருக்கிறது. உங்கள் செய்தியாளர் யாராவது கும்பகோணம் பக்கம் வந்தால் காசு வாங்காமல் எடுத்துத் தருகிறேன்.

இந்தக் கடிதம் நீளம் என்று சுருக்கித்தான் வெளியிடுவீர்கள், தெரியும். என் அபிப்பிராயங்களில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். ராம்நாட் ராகவன், டி. ரங்கநாதன், வி. தியாகராஜன், வி. நாகராஜன், துளசி, இந்த ஐந்து பெயரை மட்டும் விட்டுவைக்கவும்.

இப்படிக்கு,
பழைய ரெக்கார்டிங் சென்டர்காரர்,
கும்பகோணம்.